தேக்குத் தரையில் ஓர் எட்டு

யேசு மரி சூசை துணை

கோடைக்கானல் கான்வென்ட் போர்டிங்
19-2-1933

என் பிரியமுள்ள அம்மாவுக்கு மகள் அமுதா வணக்கத்துடன் எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தாமல் இடையில் கொஞ்சம் உட்காருங்கள்.

பஸ் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் வழக்கம்போல வாந்திதான். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. வந்ததும் வைத்த பரீட்சையில் வகுப்பில் நான்தான் முதல். மதர் கூப்பிட்டு, இப்படியே படித்தால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மதராஸ் வைத்தியப் பள்ளிக்குத் தாமே எழுதுவதாகச் சொன்னார்கள். உங்களுக்கு இதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும்.

இந்த வருஷம் புதிதாக ஒன்று. சாப்பாட்டு அறைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த கூடத்தைத் திறந்திருக்கிறார்கள். தரை முழுக்கத் தேக்குப் பலகை. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் அங்கே ஸ்கேட்டிங் பழகுகிறார்கள். காலில் மாட்டும் சப்பாத்தின் அடியில் நான்கு சின்னச் சக்கரம். அதைக் கட்டிக்கொண்டால் நடப்பது இல்லை, சறுக்கிக்கொண்டே போவது. பெல்ஜியத்திலிருந்து வந்திருக்கும் சிஸ்டர் பெர்னதெத் பழக்குகிறார்கள். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர்கள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அமுதா, நீயும் வருவாயாக" என்று பைபிள் வாசிப்பதுபோலக் கூப்பிட்டார்கள். போனேன். விழுந்தேன். எழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இங்கே வந்து நான் இப்படிச் சிரித்ததே இல்லை அம்மா.

அக்காவின் வருஷப் பூசைக்கு நான் அங்கே இல்லாததற்கு வருத்தம். எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

தங்கள் அன்பு மகள்
அமுதா


இராயப்பன்பட்டி
4-3-1933

அருமை மகள் அமுதாவுக்கு அம்மா ஆசீர்வாதம்.

நான் நலம். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். குளிரில் ஈரத் தலையோடு தூங்காதே.

ராங்க் விஷயம் படித்ததும் கோயிலுக்குப் போய் மாதாவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். உன் அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்திருப்பார். எனக்கு அது வராது. ஆனால் பக்கத்து வீட்டு ஜக்கம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவள், "டீச்சரம்மா, ஒம் மக டாக்டரம்மாவா எப்ப வருவா? எம் மருமக மாசமா இருக்கா. அதுக்குள்ள வந்துருவாளா?" என்று கேட்டாள். பள்ளிப் படிப்பே இன்னும் முடியவில்லை என்றேன். "அம்புட்டு நாளு படிக்கணுமா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் ஒரு பெண் டாக்டர் இல்லை.

உன் அக்கா மதலேனாள் பூசை நல்லபடி நடந்தது. உன் பெயருக்கும் ஏற்றினேன்.

ஓடியாடி விளையாடுவது நல்லதுதான். பசி எடுக்கும். கையைக் காலை முறித்துக்கொள்ளாதே. சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்.

அம்மா
சூசையம்மாள்


கோடைக்கானல்
2-4-1933

பிரியமுள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துச் சந்தோஷப்பட்டேன். நான் நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் செபமாலை சொல்கிறேன்.

ஸ்கேட்டிங் பற்றி இன்னும் எழுத வேண்டும் என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். சிஸ்டர் இப்போது எனக்குத் தனியாகச் சொல்லித்தருகிறார்கள். தரையில் சாக்பீஸால் பெரிய எட்டு ஒன்று வரைவார்கள். அதன் இடுப்பில் நின்று வலது காலால் புறப்பட வேண்டும். உடம்பைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து, ஒரே காலில் வட்டம் முடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து, கால் மாற்றி, இடது காலில் அடுத்த வட்டம். மற்றக் கால் தரையைத் தொடக் கூடாது. கோட்டைவிட்டுச் சக்கரம் விலகக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு வேகமாகச் சுற்றத்தான் ஆசை. எனக்கு இந்த எட்டுதான் பிடித்திருக்கிறது.

சிஸ்டரின் ஊரில் குளிர்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் கல்லாக இறுகிவிடுமாம். சப்பாத்தின் அடியில் கத்தி கட்டிக்கொண்டு அதன்மேல் எட்டுப் போடுவார்களாம். சின்ன வயதில் அவர்கள் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறார்கள். "நான் துறந்தவற்றுள் இஃது ஒன்றே எனக்குக் கனவில் வருகிறது" என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு, போய்ப் படி என்று அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் ஒரு தடவை முழு எட்டும் கோட்டின்மேலேயே வந்தது. அம்மா, வகுப்பில் ஒரு கணக்குச் சரியாக வந்தால் டீச்சரிடம் காட்ட வேண்டும்போல இருக்கும். இது சரியாக வந்தபோது யாரிடமும் காட்ட வேண்டும்போல இல்லை. கூடத்தில் நான் மட்டும் இருந்ததுபோல இருந்தது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் மாதம் சீசனுக்கு வரும் துரைமார்களுக்கும் பெற்றோருக்கும் முன்னால் ஒரு காட்சி நடக்கும். அதில் நான் தனியாக எட்டுப் போட வேண்டும் என்று சிஸ்டர் ஆசைப்படுகிறார்கள். தாங்கள் சம்மதம் தந்து எழுத வேண்டும்.

தங்கள் மகள்
அமுதா


இராயப்பன்பட்டி
21-4-1933

அருமை மகள் அமுதாவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் ஆசீர்வாதம். நான் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் நீளமாக இருந்தது. அதில் ராங்க் மட்டும் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்தேன். நேற்று கான்வென்டிலிருந்து ரிப்போர்ட் வந்தது. ஒன்பதாவதாக வந்திருக்கிறாய். விஞ்ஞானத்தில் பாதி மார்க்குகூட இல்லை. உனக்கு அங்கே சாப்பாடும் படுக்கையும் இலவசமாகக் கிடைப்பது முதல் ராங்க் பிள்ளை என்பதால்தான். உனக்குத் தெரியாதது இல்லை.

நான் கோபமாக எழுதவில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். உன் அக்காவுக்கு வலி கண்டபோது நீ போர்டிங்கில் இருந்தாய். ஜெயமங்கலத்தில் அவள் மாமியார், "ஆம்பளை டாக்டரு தொடவா எம் மருமகள? மருத்துவச்சி பாத்துக்கிருவா" என்று மறுநாள் வரை வைத்துக்கொண்டாள். பிறகுதான் வண்டி பூட்டினார்கள். நல்ல உச்சி வெயில். பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வராக நதி மணலில் சக்கரம் இறங்கிவிட்டது. வண்டிக்காரரும் மாப்பிள்ளையும் சக்கரத்தைத் தூக்கினார்கள். நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். "தண்ணி குடுங்கம்மா" என்றாள். ஆற்றில் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தேன். குடிக்க அவள் இல்லை.

இதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

காட்சி விஷயம் யோசித்து எழுதுகிறேன்.

அம்மா


கோடைக்கானல்
7-5-1933

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். தாங்களும் சுகமாக இருக்கச் சர்வேசுரனை வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அக்காவைப் பற்றிப் படித்துவிட்டு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

யோசித்து எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கடிதம் என் கைக்கு வந்த அன்றே மதரும் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் மேஜைமேலும் தங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் இருந்தது. இரண்டையும் ஒரே தபாலில் போட்டிருப்பீர்கள்போலிருக்கிறது. என்னைக் கூடத்துக்குள்ளேயே விடக் கூடாது என்று கேட்டிருந்ததை மதர் வாசித்துக் காட்டினார்கள். சப்பாத்தைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டேன்.

சிஸ்டர் பெர்னதெத் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் மதரிடம் பேச்சு விழுந்தது என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்.

இனி நன்றாகப் படிப்பேன்.

அமுதா


இராயப்பன்பட்டி
11-6-1933

அருமை மகள் அமுதாவுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அணைத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வயலெல்லாம் உழவு நடக்கிறது. கூடவே கொசுவும் வந்துவிட்டது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் குளிர்காய்ச்சல் என்று வருவதில்லை. வருகிறவர்களுக்குக் கொயினா கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

மரிய ஜோசப் மாமா வியாபாரமாக மலைக்கு வருகிறார். அவரிடம் அதிரசமும் ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்தனுப்புகிறேன். கை கொஞ்சம் நீளமாக இருக்கும், மடித்துவிட்டுக்கொள்.

நான் மதருக்கு எழுதியது உன் நன்மைக்குத்தான். வயது வந்த பிள்ளை, ஊரார் முன்னால் சக்கரம் கட்டி ஆடினாள் என்று இங்கே ஒரு பேச்சுக் கிளம்பினால் நான் ஒருத்தி என்ன செய்வேன்? இதெல்லாம் உனக்கு இப்போது புரியாது. பின்னால் புரியும்.

பதில் எழுது.

அம்மா


கோடைக்கானல்
16-7-1933

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். தங்கள் நலமறிய ஆவல். மாமா வந்தார்கள். சட்டையும் அதிரசமும் கிடைத்தன. இந்தப் பரீட்சையில் முதலாவதாக வந்திருக்கிறேன். விஞ்ஞானத்திலும் நானே முதல். இங்கு வேறு விசேஷம் இல்லை.

அமுதா


இராயப்பன்பட்டி
20-8-1933

என் கண்ணான மகள் அமுதாவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம் என்றும் உன்னோடு இருக்கட்டும். கையெழுத்துக் கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. காய்ச்சல் வந்து இறங்கியிருக்கிறது. இப்போது கஞ்சி குடிக்கிறேன்.

ராங்க் சேதியைப் பங்குச்சாமியாரிடம் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். வெளியே வரும்போது என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜக்கம்மாள் மருமகளுக்குப் பிள்ளை தங்கவில்லை. தாய் பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் வலி. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஜக்கம்மாள் என்னைப் பார்த்து, "ஒம் மகள சீக்கிரம் படிச்சு முடிக்கச் சொல்லு டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னாள். முன்புபோலச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

உன் போன கடிதம் நாலே வரி. காய்ச்சலில் கிடந்தபோது உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். கால்வாய்த் தண்ணீர் கல்லாவதைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தச் சிஸ்டர் எப்படி இருக்கிறார்கள்? இப்போது அங்கே மேகம் இறங்குகிறதா? தோழிகள் யார் யார்? முன்புபோல எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது.

அம்மா


கோடைக்கானல்
17-9-1933

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். தங்களுக்குக் காய்ச்சல் என்று அறிந்து வருந்தினேன். கொயினாவை நிறுத்தாமல் சாப்பிடவும். பாடங்கள் நன்றாக நடக்கின்றன. சிஸ்டர் பெர்னதெத் சென்ற வாரம் தம் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். தினமும் மழை பெய்கிறது. நவம்பரில் பரிசளிப்பு விழா. எனக்கு மூன்று பாடங்களில் பரிசு உண்டு. முடிந்தால் தாங்கள் வரலாம் என்று மதர் எழுதச் சொன்னார்கள்.

அமுதா


இராயப்பன்பட்டி
14-11-1933

அருமை மகள் அமுதாவுக்கு,

நல்லபடி ஊர் வந்து சேர்ந்தேன். இறக்கத்தில் எனக்கும் வாந்திதான். உடம்பு நன்றாக இருக்கிறது. பக்கத்தில் இருந்தபோது பேசாமல் விட்டதை எழுதுகிறேன்.

விழாவுக்கு நான் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன். கேட்டில் இருந்த அம்மாள், பிள்ளைகள் கூடத்தில் இருக்கிறார்கள் என்று வழி காட்டினாள். உள்ளே போகுமுன்பே அந்தச் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இருந்தது. கதவுப் பக்கம் நின்று பார்த்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளுமாகச் சக்கரம் கட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பியானோ வாசித்தாள். நாற்காலி அடுக்குகிறவர்களோடு உன்னையும் உள்ளே விட்டிருந்தார்கள். வேலையை முடித்துவிட்டுச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். முகம் சுவரைப் பார்த்து இருந்தது, முதுகு அவர்களுக்கு. மடியில் புத்தகம். பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் கால்கள் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தன. உன் இரண்டு காலும் கட்டிப் போட்டதுபோல இருந்தன. நான் நெடுநேரம் நின்றேன். நீ பக்கத்தைப் புரட்டவே இல்லை.

பிறகு நீ மூன்று பரிசு வாங்கினாய். நான் கை தட்டினேன். வெளியே வந்து, "என்னடி, இப்பிடி எளைச்சுப் போயிட்ட?" என்றேன். "குளுருக்கு அப்பிடித்தான் இருக்கும்மா" என்றாய். "சாப்புடுறியா?" என்றேன். "சாப்புடுறேம்மா" என்றாய். அவ்வளவுதான் நம் பேச்சு. பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு மனது கேட்கவில்லை. நேற்று மதருக்கு எழுதிவிட்டேன். உனக்குச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஆடு. ராங்க் ஒன்றிரண்டு இறங்கினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஊர் என்ன பேசினாலும் பேசிக்கொள்ளட்டும்.

கிறிஸ்துமஸுக்கு எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது. தேனிக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அம்மா


கோடைக்கானல்
26-11-1933

அம்மாவுக்கு,

நான் நலம். தாங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்தது பற்றிச் சந்தோஷம்.

மதர் சப்பாத்தைக் கொடுத்தார்கள். வாங்கித் திருப்பி மேஜைமேலேயே வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். பரீட்சை வருகிறது என்றேன். அது பொய். தங்களிடமாவது உண்மையை எழுதுகிறேன்.

கோபம் என்று நினைக்க வேண்டாம். கோபம் மே மாதத்தில் இருந்தது. ஆடிக்கொண்டே இருக்கிறதுபோலத் தினமும் தூக்கத்தில் கால் உதறும். பக்கத்துக் கட்டில் பிள்ளை எழுப்பிவிடுவாள். ஆகஸ்டில் அதுவும் நின்றுவிட்டது. சிஸ்டர் போகிற அன்று என் தலையில் கை வைத்து ஏதோ அவர்கள் பாஷையில் சொன்னார்கள். என்னவென்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நான் டாக்டராவேன் அம்மா. அதில் தங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். அக்கா தங்களுக்கு மகள் என்றால் எனக்கு அக்கா. இங்கே தனியாக இருந்து அழுதவள் நான். அந்த மணலையும் தண்ணீரையும் எனக்கு எழுதிவிட்டு, "இதை விட்டுவிடுகிறாயா" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சப்பாத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அழுதிருப்பேன், ஆனால் நானே கொடுத்திருப்பேன். தாங்கள் என்னைக் கேட்கவில்லை. மதரைக் கேட்டீர்கள். இப்போது ஆடு என்பதையும் மதருக்குத்தான் முதலில் எழுதினீர்கள்.

தாங்கள் பார்க்க வேண்டும் என்று நான் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. தாங்கள் வந்ததே எனக்குத் தெரியாது. பார்த்தால் வலிக்கும், அதனால் திரும்பிக்கொண்டேன். தங்கள் மனது ஆறுவதற்காக நான் ஆட முடியாது.

எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகள் சிலர் லீவிலும் இங்கேயே தங்கிப் படிக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. என்னை மன்னிக்கவும்.

அமுதா


இராயப்பன்பட்டி
27-12-1933

மகள் அமுதாவுக்கு,

பிறந்த பாலன் உன்னைக் காப்பாராக. உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறவள் நான்.

திருநாள் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். கறி எடுக்கவில்லை. ஜக்கம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, திருநாளும் அதுவுமா அடுப்பு எரியல?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டிலிருந்து சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அவள் மருமகளும் கூட வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. உன்னைக் கேட்டால் நீ முடியாது என்றுவிடுவாயோ என்று பயந்தேன். முடியாது என்று நீ சொல்லியிருந்தால் அதற்கு மேல் எனக்கு வழி தெரிந்திருக்காது. அதனால் உன்னைத் தாண்டிப் போய்விட்டேன். நீயாகவே கொடுத்திருப்பாய் என்று இப்போது எழுதுகிறாய். அதைப் படித்தபின் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நீ வருத்தப்படுவதற்காக இதை எழுதவில்லை.

இனி ஆடு என்றும் சொல்ல மாட்டேன், ஆடாதே என்றும் சொல்ல மாட்டேன். கோபமாக இருந்தாலும் போன கடிதத்தைப்போலவே எழுது. நலம், விசேஷம் இல்லை என்று மட்டும் எழுதாதே. அதைத் தாங்க முடியவில்லை.

மார்ச்சில் உன் பரீட்சை முடியும். அன்றைக்கு நான் மலைக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா? இதை நான் மதருக்கு எழுதவில்லை, மாமாவிடமும் சொல்லவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன். வர வேண்டாம் என்றாலும் எழுது. வர மாட்டேன்.

அம்மா